பார்சிலோனாவில் கட்டில் யாருக்கு?

2024ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் ஓர் ஊர்வலம் நடைபெற்றது. ஊர்வலத்தினர் சிலர் கையில் குழந்தைகள் விளையாடும் தண்ணீர்த் துப்பாக்கிகள் இருந்தன. நகரின் மையப் பகுதியில் நடைபாதை ஓட்டல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உல்லாசப் பயணிகள் மீது அவர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போங்கள் என்று கோஷமிட்டார்கள். போலீஸ் கணக்குப்படி ஊர்வலத்தில் வந்தவர்கள் சுமார் 2,800 பேர். பார்சிலோனா போன்ற நகரத்துக்கு இது பெரிய கூட்டமல்ல. ஆனாலும் அந்தப் படங்கள் பல நாட்டுப் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 15ஆம் தேதி, பார்சிலோனாவுடன் லிஸ்பன், வெனிஸ் முதலிய நகரங்களிலும் ஒரே நாளில் இத்தகைய கிளர்ச்சிகள் நடந்தன.

பயணிகளால் பிழைக்கும் ஒரு நகரம் பயணிகள் மீதே தண்ணீரை அடிப்பானேன்? இதற்குக் காரணம் தேடிப் போனால் அது மிகச் சாதாரணமான ஒரு பொருளில் வந்து முடிகிறது. அது, இரவு படுக்க ஒரு கட்டில். குறைந்த செலவில் ஊர் பார்க்க வருபவருக்கு அந்தக் கட்டில் வேண்டும். அதே தெருவில் மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்கும் வேண்டும். இடமோ ஒன்று. பிழைக்க வந்த ஊரில் கட்டில் வாடகை கொடுத்துத் தங்கியவர்களுக்கும், பகடிப் பணம் கொடுக்க வழியில்லாமல் புறநகருக்குக் குடிபோனவர்களுக்கும் இந்த வழக்கு புரியாததல்ல.

நம்மவருக்கும் இதில் சம்பந்தம் இல்லாமலில்லை. பிள்ளை ஜெர்மனியில் படிக்கிறான், மகள் ஹாலந்தில் வேலை பார்க்கிறாள் என்று ஒரு முறை ஐரோப்பா போய்வரும் பெற்றோர் இப்போது அபூர்வமல்ல. போகிறவர்கள் பக்கத்து நாடுகளையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஷெங்கன் விசாவுக்கு மனுப் போடும்போதே எந்த இரவு எங்கே தங்கப்போகிறோம் என்று காட்டவேண்டும். ஆகவே தங்குமிடப் பிரச்சினை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஒலிம்பிக்குக்குப் பின்

பார்சிலோனா முன்பு ஒரு தொழில் நகரம். 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்களுக்காகக் கடற்கரையில் இருந்த பழைய ஆலைகளையும் ரயில் பாதைகளையும் அகற்றி மணற்கரை அமைத்தார்கள். அதன் பிறகு உலகம் அந்த ஊரைக் கண்டுகொண்டது. குறைந்த கட்டண விமானங்கள் வந்தன. இன்று நகரின் ஜனத்தொகை சுமார் 17 லட்சம். 2024ஆம் ஆண்டில் அங்கு வந்து இரவு தங்கிய பயணிகளோ ஒன்றரைக் கோடிக்கும் மேல். அதே ஆண்டில் ஸ்பெயின் முழுவதற்கும் வந்த வெளிநாட்டினர் ஏறத்தாழ 9 கோடியே 38 லட்சம் பேர். இந்த வகையில் உலகில் பிரான்சுக்கு அடுத்த இடம் ஸ்பெயினுக்கு.

இத்தனை பேருக்கும் ஓட்டல் அறை போதவில்லை. போதுமான அறை இருந்தாலும் வாடகை கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் குடியிருப்பு வீடுகளை நாள் வாடகைக்கு விடும் வியாபாரம் செழித்தது. தொலைபேசியில் படம் பார்த்து, பணம் கட்டி, சாவியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நாலு பேர் சேர்ந்தால் ஓட்டலைவிட மலிவு. அடுப்பும் இருக்கும். மாதக் குடித்தனக்காரர் ஒரு மாதத்துக்குத் தரும் வாடகையை இப்படி வந்து போகிறவர்கள் சில நாட்களிலேயே தந்துவிடுவதால், வீட்டுச் சொந்தக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லத் தேவையில்லை.

இதன் விளைவை முதலில் அனுபவித்த பேட்டைகளில் ஒன்று பார்சலோனெத்தா. 18ஆம் நூற்றாண்டில் கடலோரத்தில் எழுந்த மீனவர், மாலுமிகள் பேட்டை அது. ஒரு வீட்டைப் பிற்காலத்தில் நாலாகப் பிரித்ததால் அங்குள்ள பல வீடுகளுக்குக் ‘கால் வீடு’ என்றே பெயர். சுமார் 300 சதுர அடிதான் இருக்கும். சாலில் ஓர் அறையில் குடும்பம் நடத்துபவர்களுக்கு அந்த அளவு தெரியும். அந்தக் கால் வீடுகளும் நாள் வாடகைக்குப் போயின. இரவெல்லாம் கூச்சல், குடி, படிக்கட்டில் பெட்டி இழுக்கும் சத்தம் என்று பொறுக்க முடியாமல் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்தப் பேட்டை மக்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னால் வந்த கிளர்ச்சிகளுக்கு முன்னோடி அது.

வாடகைக் கணக்கைப் பார்த்தால் கோபத்தின் காரணம் விளங்கும். பத்தாண்டுகளில் நகரில் வாடகை 68 சதவீதமும் வீட்டு விலை 38 சதவீதமும் உயர்ந்ததாக மேயரே 2024இல் கூறினார். அந்தக் காலத்தில் சராசரி மாத வாடகை 1,100 யூரோவைச் சுற்றி இருந்தது. ஸ்பெயின் அரசு 2025ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,184 யூரோ. வருஷத்துக்கு 14 சம்பளம் என்றாலும், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவரோ அறை பெருக்குபவரோ தனியாக வீடு எடுக்க நினைத்தால் மாதச் சம்பளம் ஏறக்குறைய அப்படியே வாடகைக்குப் போய்விடும். பயணிக்குப் படுக்கை விரிப்பவருக்கே அந்த ஊரில் படுக்க இடமில்லை.

வாடகை மட்டுமல்ல. 116ஆம் எண் பஸ் என்று ஒரு சிறு பஸ் அங்கு ஓடுகிறது. கௌடி என்ற கட்டடக்கலை மேதை அமைத்த குவெல் பூங்காவுக்கு அருகே மேட்டுத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்காக விடப்பட்டது. தொலைபேசி வரைபடத்தில் வழி பார்த்துப் பயணிகள் அதில் ஏறிக்கொண்டதால், கடைக்குப் போய்வரும் முதியவர்களுக்கு நிற்கவும் இடமில்லாமல் போயிற்று. அப்பகுதி மக்களின் இடைவிடாத கோரிக்கையின் பேரில், 2024இல் அந்த பஸ் தடத்தை கூகுள் வரைபடத்திலிருந்தே எடுக்கச் செய்தார்கள். நகரின் அவஸ்தைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

மாநகராட்சியின் பிடி

மாநகராட்சி சும்மா இருக்கவில்லை. வீட்டைவிட்டு வெளியேற்றப்படுபவர்களுக்காகப் போராடிப் பெயர் பெற்ற அடா கொலாவ் என்ற பெண்மணி 2015இல் மேயரானார். வந்தவுடன் புதிய ஓட்டல்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தார். 2017இல் நகரின் மையத்தில் புதிய தங்குமிடங்களே கூடாது என்ற திட்டம் நிறைவேறியது. அனுமதியில்லாத வீடுகளை விளம்பரம் செய்ததற்காக ஏர்பிஎன்பி கம்பெனிக்கு 2016இல் 6 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2021இல், குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் 31 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதும் தடை செய்யப்பட்டது.

2023 நவம்பரில் கத்தலோனிய மாநில அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. வீட்டுப் பஞ்சம் உள்ள ஊர்களில் பயணிகளுக்கு விடப்படும் வீடுகளுக்கு ஐந்தாண்டு லைசென்ஸ்தான். அதற்குப் பின் புதுப்பிப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நகராட்சி முடிவு செய்யலாம். இதைப் பயன்படுத்தித்தான் இப்போதைய மேயர் ஜௌமே கோல்போனி 2024 ஜூனில் தம் அறிவிப்பை வெளியிட்டார். நகரில் லைசென்ஸ் பெற்ற 10,101 வீடுகளில் ஒன்றுக்குக்கூட லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது. 2028 நவம்பருக்குப் பின் அவை அனைத்தும் குடியிருப்பு வீடுகளாகவே இருக்கவேண்டும் என்பது அந்த அறிவிப்பு. மாநிலச் சட்டம் செல்லாது என்று எதிர்க்கட்சியான மக்கள் கட்சி தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில் ஸ்பெயின் அரசியல் சட்ட நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், விதிமீறிய 65,000க்கும் மேற்பட்ட வீட்டு விளம்பரங்களை எடுத்துவிடுமாறு ஏர்பிஎன்பிக்கு உத்தரவிட்டது.

இரு தரப்பு நியாயம்

இந்த முடிவு வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்குமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. நகரில் வீடுகள் சுமார் 8 லட்சம். அதில் பத்தாயிரம் என்பது நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். இந்த ஒன்றைப் பிடுங்குவதால் வாடகை குறைந்துவிடாது. லைசென்ஸ் உள்ளவர்களை ஒழித்தால் லைசென்ஸ் இல்லாதவர்கள் தழைப்பார்கள். லாபம் ஓட்டல்காரர்களுக்கே என்று வீட்டு உரிமையாளர் தரப்பினர் வாதாடுகிறார்கள்.

இந்த வாதத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. 2024 மார்ச்சிலிருந்து பார்சிலோனா உள்பட 140 கத்தலோனிய ஊர்களில் வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தபோது, பல சொந்தக்காரர்கள் ‘சில மாத வாடகை’ என்ற வேறு வாசல் வழியாகத் தப்பினார்கள். சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் பணம் இன்னொரு கதவைத் தேடும்.

ஆனால் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கும் முழு உண்மையாகாது. அந்தப் பத்தாயிரம் வீடுகள் ஊர் முழுதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. மையப் பகுதித் தெருக்களில் குவிந்திருக்கின்றன. ஒரு கட்டடத்தில் எட்டு வீடு இருந்து அதில் மூன்று நாள் வாடகைக்குப் போனால், மீதி ஐந்து குடும்பங்களுக்கு அது நூற்றுக்கு ஒன்று அல்ல. மளிகைக் கடை மூடி நினைவுப்பொருள் கடை வருகிறது. பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் தேய்கிறது. பேட்டை என்பது கட்டடங்களோடு முடிவதில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சுமை யார் தலையில்?

குடியிருப்பவர் பக்கம் நியாயம் இருந்தாலும், பரிகாரத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்கவேண்டும். இதற்குப் பயணி வரி நல்ல உதாரணம். பார்சிலோனாவில் தங்குபவர் ஒவ்வொரு இரவுக்கும் தலைக்கு இரண்டு வரி கட்டுகிறார். ஒன்று மாநில அரசுக்கு, மற்றது மாநகராட்சிக்கு. 2024 அக்டோபரில் மாநகராட்சியின் பங்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி 4 யூரோ ஆக்கப்பட்டது. அப்போது மாநில வரி ஐந்து நட்சத்திர ஓட்டலில் 3 யூரோ 50 சென்ட். சாதாரண விடுதியில் 1 யூரோ.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பலர் சேர்ந்து படுக்கும் விடுதியில் 30 யூரோ கொடுத்துக் கட்டில் பிடித்தவர் அப்போது 5 யூரோ வரி தந்தார். அதாவது கட்டில் வாடகையில் ஆறில் ஒரு பங்கு. ஐந்து நட்சத்திர ஓட்டலில் 400 யூரோ அறையில் இருவர் தங்கினால் வரி 15 யூரோவாக இருந்தது. நூற்றுக்கு நாலுகூட ஆகவில்லை. ஏழைப் பயணி வாடகையில் 17 சதவீதம், பணக்காரப் பயணி 4 சதவீதத்துக்கும் குறைவு. இதற்கு மாறாக ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் என்று வரி. அது குறைந்த தொகையல்ல. ஆனால் அதிகம் கொடுப்பவர் அதிகம் கட்டுகிறார். மாநில வரியை இரட்டிப்பாக்கும் திட்டத்தை 2025இல் கத்தலோனிய அரசு முன்வைத்தது. தலைக்கு இவ்வளவு என்ற முறை இருக்கும்வரை, ஒவ்வொரு உயர்விலும் நசுங்குபவர் சிறிய பயணிதான்.

கூட்டத்தைக் குறைப்பது நோக்கமென்றால் முதலில் பார்க்கவேண்டியது உல்லாசக் கப்பல்களை. காலையில் ஆயிரக்கணக்கில் இறங்கி மாலையில் ஏறிவிடுபவர்கள் ஊரில் தங்குவதில்லை; நெரிசலை மட்டும் தந்துவிட்டுப் போகிறார்கள். கப்பல் நிலையங்களை 2030க்குள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க 2025 ஜூலையில் துறைமுகத்துடன் மாநகராட்சி உடன்பாடு செய்துகொண்டது. தாமதமானாலும் சரியான காரியம்.

இனி எங்கே தங்குவது?

நாள் வாடகை வீடுகள் 2028க்குப் பின் இருக்காது. புதிய ஓட்டல்கள் மையத்தில் வராது. வரி ஏறிக்கொண்டே போகிறது. இந்நிலையில் சிக்கனமாகப் போய்வர நினைப்பவருக்கு வழியே இல்லையா? உண்டு. ஆனால் பெயர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பெயினில் ‘ஓஸ்தால்’ என்று பலகை போட்டிருந்தால் அது மாணவர் விடுதியோ பொதுப் படுக்கை விடுதியோ அல்ல. பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய ஓட்டல். ‘பென்சியோன்’ என்பது அதற்கும் ஒரு படி கீழே. அறை தனி, குளியலறை பெரும்பாலும் பொது. பல கட்டில்கள் போட்ட விடுதிக்கு ‘அல்பெர்கே’ என்று பெயர்; ஆங்கிலத்தில் ‘ஹாஸ்டல்’ என்று விளம்பரம் வருவது இதற்குத்தான். பெயரில் ஓர் எழுத்து வித்தியாசத்தால் தனி அறை என்று நினைத்துப் பொது அறையில் போய் விழுபவர்களும் உண்டு. நம் ரயில் நிலையங்களில் ரிட்டயரிங் ரூமுக்கும் டார்மிட்டரிக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

1859ஆம் ஆண்டின் திட்டப்படி சதுரங்கக் கட்டம்போல் எழுந்த எஷாம்ப்ளா பகுதியில், இத்தகைய ஓஸ்தால்களும் பென்சியோன்களும் பழைய மாளிகைகளின் ஒரு மாடியை மட்டும் எடுத்துக்கொண்டு நடக்கின்றன. கீழே வாசலில் அழைப்புமணி அழுத்தி மேலே ஏறவேண்டும். வயதானவர்கள் லிப்ட் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். பழைய ஊரின் ரவால், கோத்திக் பகுதிகளிலும் மலிவான இடங்கள் உண்டு. ரவாலில் பாகிஸ்தான், வங்காள தேசத்தவர் கடைகள் நிறைய இருப்பதால் பருப்புக்கும் அரிசிக்கும் பஞ்சமில்லை. ஆனால் பார்சிலோனா ஜேப்படிக்குப் பெயர்போன ஊர் என்பதையும் மறக்கக்கூடாது.

கோடை விடுமுறையில் மாணவர் விடுதிகள் சில வெளியாருக்கு அறை விடுகின்றன. நகர எல்லையைத் தாண்டி ஓஸ்பிதாலெத், பாதலோனா என்ற பக்கத்து ஊர்களில் தங்கினால் பார்சிலோனா மாநகராட்சியின் கூடுதல் வரி கிடையாது. மெட்ரோ ரயில் அங்குவரை ஓடுகிறது; நகருக்குள் செல்லும் அதே பத்துப் பயணச் சீட்டு அங்கும் செல்லும். வெள்ளி, சனி தவிர மற்ற நாட்களில் மெட்ரோ நள்ளிரவோடு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை 2 மணி வரையிலும், சனிக்கிழமை இரவு முழுவதும் ஓடும். கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு இரவு பஸ்கள் உண்டு.

போகும் காலமும் முக்கியம். பிப்ரவரி முடிவிலோ மார்ச் தொடக்கத்திலோ நடக்கும் உலகத் தொலைபேசி மாநாட்டின்போது பென்சியோன்கூடக் கைக்கெட்டாது. கௌடி இறந்து 2026இல் நூறாண்டு. பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்துக்கும் அந்த ஆண்டு தொடக்க ஊர் பார்சிலோனாவே. இப்படிப்பட்ட ஆண்டுகளில் முன்பதிவு இல்லாமல் போவது விவேகமல்ல. கிறிஸ்துமஸ் நாட்களைத் தவிர்த்து, நவம்பர் முதல் ஜனவரி வரை வாடகை பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

குடும்பத்துடன் போகிறவர்கள், சமைத்துச் சாப்பிட வீடுதான் வேண்டும் என்றால் லைசென்ஸ் எண்ணைப் பார்க்கவேண்டும். பார்சிலோனா மாகாணத்தில் முறைப்படி அனுமதி பெற்ற வீட்டுக்கு எச்.யு.டி.பி. என்ற நான்கு எழுத்துக்களில் தொடங்கும் எண் இருக்கும். விளம்பரத்திலேயே அதைப் போடவேண்டும் என்பது விதி. எண் இல்லாத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடக்கூடாது. அதிகாரிகள் விளம்பரத்தை நீக்கினால் பதிவு ரத்தாகும்; விசாவுக்குக் காட்டிய முகவரி காற்றில் போகும்; பெட்டியும் குழந்தைகளுமாகத் தெருவில் நிற்க நேரிடும். ‘எங்கள் வீட்டில் ஓர் அறை’ என்று வரும் விளம்பரங்கள் 2021 தடைக்குப் பின் சட்டவிரோதமானவை என்பதும் நினைவிருக்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் விடுதிகள் தங்குபவரைப் பற்றிய விவரங்களைக் கூடுதலாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பாஸ்போர்ட்டைக் கேட்டால் பயப்படத் தேவையில்லை. கேட்காத இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஊரும் விருந்தும்

பார்சிலோனாவில் நடப்பது அந்த ஊரோடு நிற்காது. பாரிஸ் நகரில் சொந்த வீட்டை நாள் வாடகைக்கு விடும் உச்சவரம்பு 2025 முதல் ஆண்டுக்கு 120 நாளிலிருந்து 90 நாளாகக் குறைக்கப்பட்டது. புதிய ஓட்டல் வேண்டுமானால் பழைய ஓட்டல் ஒன்றை மூடவேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் 2024இல் முடிவு செய்தது. ஐரோப்பாவின் பெரிய நகரங்கள் பல ஒரே திசையில் போகின்றன. மலிவான வீடு எங்கும் கிடைக்கும் என்றிருந்த காலம் முடிந்துவருகிறது.

அந்த மலிவுக்கான விலையை இத்தனை காலமும் வேறு யாரோ கொடுத்துவந்தார்கள். பயணி மிச்சப்படுத்திய பணம், வாடகை கட்ட முடியாமல் வெளியேறிய ஒரு குடும்பத்தின் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அந்தக் கணக்கைச் சரிசெய்யும் உரிமை பார்சிலோனா மக்களுக்கு உண்டு. வாடகை வீட்டில் வாழும் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் சரிசெய்யும்போது, சிறுகச் சிறுகச் சேர்த்து ஆயுளில் ஒரு முறை ஊர் பார்க்க வருபவரையும், ஐந்து நட்சத்திர ஓட்டலில் இறங்குபவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியாகாது. வரியைத் தலைக்கு இவ்வளவு என்று வைக்காமல் வாடகைக்கு இவ்வளவு என்று வைக்கலாம். புதிய அனுமதி தருவதென்றால் நகரின் புறப்பகுதிகளில் எளிய விடுதிகளுக்கு முதலிடம் தரலாம். பத்தாயிரம் வீடுகளை மீட்பதோடு, அந்த வீடுகள் நியாயமான வாடகைக்குக் குடும்பங்களுக்கே போய்ச் சேருகின்றனவா என்பதையும் கண்காணிக்க வேண்டும். இல்லாவிட்டால் 2028க்குப் பின் பயணிக்கும் வீடு இராது, குடியிருப்பவருக்கும் இராது. இரண்டுக்கும் நடுவில் உள்ளவர் மட்டும் வேறொரு வாசல் வழியாகப் பணம் பண்ணுவார்.